வெள்ளியங்கிரி செய்த டச்-அப்

எங்கள் எதிர்வீட்டு லோகப்பிரியாவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். நெசவு இயந்திரங்களை இறக்குமதி செய்யும் கம்பெனியில் வேலை. அங்கே வரும் ஜப்பான் இன்ஜினியர்களோடு பேச அவர்கள் மொழியைப் படிக்கப் போனவள், அவர்களில் ஒருவர் தூரிகையால் எழுதிக் காட்டியதில் சொக்கிவிட்டாள். அன்றிலிருந்து வீடெல்லாம் கறுப்பு மைதான்.

அந்த எழுத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. இழுத்த கோட்டை இழுத்ததுதான். திரும்பத் தொடக் கூடாது. மை தீர்ந்து தூரிகை காயும்போது கோட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழும். கை போன வேகம் அதில்தான் தெரியும் என்பாள். மேல்நாட்டு நவீன ஓவியர்கள் சிலர் இந்த வீச்சில் மயங்கித்தான் உருவத்தை விட்டுக் கோட்டைப் பிடித்தார்களாம். எனக்கு நவீன ஓவியம் என்றாலே கொட்டாவி வரும். அவள் சொன்னால் மட்டும் கேட்பேன். காபி நன்றாகப் போடுவாள்.

அவளுக்கு ஒரே ஆசை. அவிநாசி ரோட்டில் வருடாவருடம் நடக்கும் நவீன ஓவியக் கண்காட்சியில் தன்னுடையதும் தொங்க வேண்டும். இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். "நல்லாருக்குங்க. ஆனா இது எழுத்துங்க, ஓவியம் இல்லீங்க."

இந்த வருடம் 'காற்று' என்ற எழுத்தை ஆளுயரத் தாளில் எழுதினாள். கீறல்கள் அத்தனை அழகு, எனக்கே பிடித்தது. சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் கணவர் வெள்ளியங்கிரி அதைப் பார்த்துத் தொலைத்தார். அவர் பம்ப் கம்பெனியில் பெயின்ட் பிரிவு சூப்பர்வைசர். பெயின்ட் பிடிக்காத இடத்தைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அவள் வெளியே வந்தபோது தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

"அங்கங்க மை புடிக்காம உட்டுப்போச்சு அம்மணி. உன்ற மையவே தொட்டு டச்-அப் பண்ணிப்போட்டேன். இனி ஒருத்தரும் குத்தம் சொல்ல முடியாது" என்றார் பெருமையாக.

சத்தம் கேட்டு ஓடினேன். "ஏனுங்க, நான் என்ன மோட்டாருக்கா பெயின்ட் அடிச்சேன்?" என்று அழுதுகொண்டே புதுத் தாளை விரித்தாள். எழுதினாள் என்று சொல்ல மாட்டேன், அடித்தாள். மை சுவரில், காலண்டரில், என் சேலையில். தாளில் பாதி கறுப்பு, பாதி கீறல். வெள்ளியங்கிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

காய்ந்ததும் மூவருமாகக் காரில் கொண்டுபோனோம். கண்காட்சிப் பொறுப்பாளர் திருமலைசாமி வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன எழுத்துங்க?"

போன தடவைகளில் இந்தக் கேள்வியில்தான் எல்லாம் கவிழ்ந்தது.

லோகப்பிரியாவும் தாளை உற்றுப் பார்த்தாள். "காத்துனுதானுங்க எழுதப் போனேன். இப்ப எனக்கே படிக்க முடியல. இவரு மேல வந்த கோவம் மட்டுந்தானுங்க இருக்குது."

"அப்ப ஓவியந்தானுங்க!" அவர் சிரித்தபடி ஆளைக் கூப்பிட்டு ஆணி அடிக்கச் சொன்னார்.

கீழே 'கோபம்' என்று சீட்டு ஒட்டினார்கள். கண்காட்சி முடியும்வரை வெள்ளியங்கிரி லீவு போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, அந்தக் கோவம் எம்மேல வந்ததுங்க."