மெஸ்ஸினாவுக்கு நான் அனுப்பிய அக்கா

எங்கள் சபையின் வரலாற்றில் தமிழர்களைப் பற்றிய பகுதியை எழுத முடியுமா என்று போதகர் கேட்டபோது நான் யோசிக்கக்கூட இல்லை, ஓமென்றுவிட்டேன். பெருமை, வேறென்ன. யாழ்ப்பாணத்தில் கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். இருபது வருடமாக இத்தாலியில், பலெர்மோவில் பிறர் வீட்டுக் குளியலறை தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஒருத்தராவது என்னை எழுதச் சொல்லிக் கேட்டாரே என்று தலைகால் புரியவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று அப்போது தோன்றவில்லை.

சபை என்றால் பெரிய கோபுரத்தை நினைக்க வேண்டாம். பலெர்மோவுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவைத் தாண்டி, எலுமிச்சைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு பழைய கொட்டகை. முன்பு அங்கே எலுமிச்சம்பழங்களைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். இப்போது நாற்பது கதிரைகளும் ஒரு மேசையும் இருக்கின்றன. சிலை இல்லை, மெழுகுதிரி இல்லை. எங்களை மெனோனைட் என்பார்கள். என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, இந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டபோது அது என்ன வயிற்று நோவுக்குக் குடிக்கிற மருந்தோ என்று கேட்டார். கிறிஸ்தவர்கள்தான். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, வளர்ந்து தானாகக் கேட்க வேண்டும். ஆயுதம் எடுப்பதில்லை. நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்வதில்லை. எப்போதும் உண்மை பேச வேண்டியவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தை எழுதும்போது என் முகம் சுடுகிறது.

முதல் பகுதியை எழுதுவது சுகமாக இருந்தது. எல்லாவற்றையும் தொடக்கியவர் ஒரு தோட்டக்காரர். ஜெர்மனியில் தொழிற்சாலை வேலைக்குப் போய், ஒரு பெட்டி நிறையக் கம்பளி உடுப்புகளோடும் இந்த விசுவாசத்தோடும் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். முதலில் மனைவி, பிறகு தம்பி குடும்பம், பிறகு பக்கத்துத் தோட்டத்து இரண்டு விதவைகள். ஞானஸ்நானத்துக்கு ஆறு இல்லை, குளம் இல்லை. எலுமிச்சைக்குத் தண்ணீர் பாய்ச்சும் கல்தொட்டியில் இறங்கினார்கள். அந்த விதவைகளில் ஒருத்தி தலையில் பாசியோடு எழும்பி வர, வேலிக்கு அப்பால் நின்ற ஊரே சிரித்ததாம். பிறகு பல வருடங்களுக்கு அவர்களுக்குக் கடையில் கடைசியாகத்தான் பாண் விற்றார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்ன கிழவிக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஒரு மனிதரை ஒதுக்கி வைப்பதைவிடக் கேவலம் உண்டா என்று என்னிடம் கேட்டாள். இல்லை என்று நான் தலையாட்டினேன். வெட்கம் கெட்ட தலை.

அடுத்தது தமிழர்கள். அதில் முதலாவது ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், என்னைவிட மூன்று வயது கூட. அப்போது பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் தங்கி நின்று, படுக்கையில் கிடந்த முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அரைநாள் லீவு. அந்த அரைநாளில் தோட்டங்களுக்கு ஊடாக நடந்துபோனவருக்குக் கொட்டகைக்குள் பாட்டுக் கேட்டதாம், உள்ளே போய் இருந்தாராம். ஒரு வருடம் கழித்து அதே கல்தொட்டியில் இறங்கினார். அதன் பிறகு எங்களைத் தேடித் தேடிக் கூட்டி வந்தார். என்னை அவர் கண்டது குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோவுக்கான, அதாவது வதிவிட அனுமதிக்கான வரிசையில். நான் எந்த வரிசையில் நிற்க வேண்டுமென்று தெரியாமல் பொலிஸ்காரனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் தன் இடத்தை விட்டு வந்து எனக்காக இத்தாலியன் கதைத்தார். திரும்பிப் போனபோது அவருடைய இடம் போய்விட்டது. லிபெர்த்தா தெருவில் எனக்கு இன்றைக்கும் சோறு போடும் முதலாளியம்மா, என் சின்யோராவின் வீட்டு வேலையைப் பிடித்துத் தந்தவரும் அவர்தான்.

இப்படிப்பட்ட மனுசிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன் ஊரைக் கேட்போம். ஊர் தெரிந்ததும், ஊரில் எவடம் என்று கேட்போம். எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, ஆருக்குப் பக்கத்து வீடு. மூன்றாவது கேள்வி முடியும்போது முன்னால் நிற்பவரின் சாதி கைக்குள் வந்துவிடும். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்க மாட்டோம், அவ்வளவு நாகரிகம். நான் அக்காவிடம் கேட்கவில்லை. நல்லவள் என்பதால் அல்ல, அந்த நேரம் எனக்கு வேலை தேவைப்பட்டது. அடுத்த வருடம் மச்சாள் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தார். வந்த இரண்டாவது கிழமையே அக்காவிடம் கேட்டு முடித்துவிட்டார். பிறகு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உவ ஆர் பகுதி எண்டு தெரியாமலே இவ்வளவு நாளும் அக்கா அக்கா எண்டு திரிஞ்சனீர்?" என்றார்.

எனக்குத் தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் முன் வாங்கில் யார் இருப்பது, பின் வாங்கில் யார் இருப்பது என்று ஒருவரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் ஒருவரும் மாறி இருந்ததில்லை. அதற்குள் வளர்ந்தவள் நான். மச்சாள் அந்தப் பகுதியின் பெயரைச் சொன்னதும் என் உள்ளே ஏதோ பின்னால் தள்ளி நின்றது. அது நின்ற வேகம் எனக்கே தெரிந்தது.

அந்த மாதம் சபையில் கால் கழுவும் ஞாயிறு வந்தது. கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே அப்படியல்ல. எல்லோரும் கழுவ வேண்டும். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பக்கத்தில் இருப்பவருக்கு நீ கழுவ, அவர் உனக்குக் கழுவுவார். முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டும். வேறு எந்தப் பூசையும் இல்லாத அந்தச் சபையில் இதுதான் பெரிய விஷயம்.

அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தார். பின்வரிசையில் மச்சாள், வேடிக்கை பார்க்க வந்தவர். தண்ணீர்ப் பேசின் எங்களிடம் வந்ததும் அக்காதான் முதலில் முழந்தாளிட்டார். நான் காலை நீட்டினேன். ஆம், நீட்டினேன். அவர் கழுவினார், விரல் இடுக்கெல்லாம் துவாயால் ஒற்றினார். பிறகு எழும்பிக் கதிரையில் இருந்து, தன் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். என் முறை. என் முதுகுக்குப் பின்னால் மச்சாளின் கண் இருந்தது. மச்சாள் மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான், ஆனால் மச்சாள் என் கையைப் பிடித்து வைத்திருக்கவில்லை. நான் எழும்பி, முதுகு நோகிறது, குனிய ஏலாது என்று இத்தாலியனில் சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் ஐயோ பாவம் என்று என்னைப் பார்த்தார்கள். அடுத்த கதிரைக் கிழவி நான் கழுவுகிறேன் என்று எழும்பினாள். அக்கா வேண்டாமென்று கையைக் காட்டினார். காய்ந்த காலில் காலுறையை மெதுவாக ஏற்றினார். என்னை ஒருதரம் பார்த்தார். அதோடு கண்ணை எடுத்துவிட்டார்.

அன்று பின்னேரம் லிபெர்த்தாவில் என் சின்யோராவின் காலை நான் குனிந்து கழுவினேன். நகம் வெட்டினேன். தினமும் செய்கிற வேலை. முதுகு ஒன்றும் நோகவில்லை.

அக்கா பிறகு சபைக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கு, அவவுக்கு வேலை கூட என்று நான்தான் சொன்னேன். கல்யாணம் முடித்து, பலெர்மோவிலேயே சந்தைக்குப் பேர்போன போர்கோ வெக்கியோவில் குடியேறினார் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சந்தையில் மீன் மலிவு. ஆனாலும் பதினெட்டு வருடமாக நான் அந்தப் பக்கம் போகாமல் வேறு சந்தைக்குப் போனேன்.

வரலாற்றில் என்ன எழுதினேன் என்றால், சபைக்கு வந்த முதல் தமிழ்ப் பெண் என்று அக்காவைப் பற்றி நாலு நல்ல வரி. கல்தொட்டி, பாட்டு, எங்களைக் கூட்டி வந்தது எல்லாம். கடைசியில், "வேலை காரணமாக மெஸ்ஸினாவுக்குக் குடிபெயர்ந்ததால் சபையை விட்டுப் பிரிந்தார்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வேறு ஊர் என்று மட்டும் எழுதினால் பொய் போலத் தெரிந்தது, அதனால் ஒரு ஊர்ப் பெயரைப் போட்டேன். கட்டுரைப் போட்டிக்காரி அல்லவா.

போதகர் வாசித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதினால் அவர் வாசித்துச் சரி என்று கையெழுத்து வைக்காமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை, அது எங்கள் வழக்கம் என்றார். மெஸ்ஸினாவில் அவரைத் தேட முடியுமா என்று என்னிடமே கேட்டார். முயற்சி செய்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து, அந்த வழக்கத்தையும் அதைக் கண்டுபிடித்தவனையும் ஏசித் தீர்த்தேன். ஏசி என்ன? இரண்டு கிழமை இழுத்தடித்தபின் ஒரு சனிக்கிழமை போர்கோ வெக்கியோவுக்குப் போய், சந்தையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

மூன்றாம் மாடி. கதவைத் திறந்த அக்காவின் தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டார். வாங்கோ என்றார். முந்தி என்னை நீர் என்று கூப்பிட்டவர், உரிமையோடு. இப்போது நீங்கள். குசினியில் கணவாய் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார், கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கடதாசியை வாங்கினார். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இத்தாலியன். தமிழை வாசித்தார். மெஸ்ஸினாவில் நின்றார். எனக்கு எப்படித் தெரியுமென்றால், அவருடைய விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

வாசித்து முடித்துக் கடதாசியை மேசையில் வைத்தார். நான் அழத் தொடங்கினேன். என் அழுகையைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தது. அக்கா, மன்னியுங்கோ, முதுகு நோவு எண்டு நான் சொன்னது பொய், ஏன் செய்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும், இந்த வரியைக் கிழிச்சுப்போட்டு நடந்ததை எழுதுறன், சபைக்கு முன்னாலை நானே வாசிக்கிறன் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போதே நெஞ்சுப் பாரம் இறங்கியது. எழுதிவிட்டால் எனக்கு விடுதலை என்று நினைத்தேன். எனக்கு.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எழுதினா, ஏன் கழுவேல்லை எண்டு கேப்பினம். பிறகு உங்களை இல்லை, என்னைத்தான் பாப்பினம்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "என்ரை மகளுக்கு இது ஒண்டும் தெரியாது. எவடம் எண்டு ஆரும் கேட்டா, போர்கோ வெக்கியோ எண்டு சொல்லுறவள். அவள் அப்பிடியே இருக்கட்டும்."

மன்னிப்புக் கேட்கிற சாக்கில், அவர் இவ்வளவு காலம் மூடி வைத்ததை ஊருக்கு முன்னால் திறக்கப் பார்த்திருக்கிறேன்.

அப்போது கதவுத் திறப்பின் சத்தம். மகள் வந்தாள். பதினைந்து வயது, தோளில் பள்ளிக்கூடப் பை; இங்கே சனிக்கிழமையும் பள்ளிக்கூடம். என்னைக் கண்டு "வணக்கம் அன்ரி" என்றாள். மேசையில் கிடந்த கடதாசியில் தாயின் பெயரைக் கண்டதும் எடுத்து, இத்தாலியன் பக்கத்தை இந்த ஊர்ப் பிள்ளைகளின் இழுவையோடு சத்தமாக வாசித்தாள். அவளுடைய முகம் மலர்ந்தது. மம்மா, நீதான் முதல் ஆளோ, ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை என்று கேட்டாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"மெஸ்ஸினாவோ? நாங்கள் எப்ப மெஸ்ஸினாவிலை இருந்தனாங்கள்?"

அக்கா மகளைப் பார்த்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்து ஒருவரின் வாயைப் பார்த்ததில்லை.

"நீ பிறக்க முந்தி. ரெண்டு வருசம்," என்றார் அக்கா. "கடலுக்குக் கிட்ட ஒரு வீடு."

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அங்கை வந்தனீங்களோ அன்ரி?"

"ஓம்," என்றேன். "ஒருக்கா வந்தனான்."

அக்கா என்னிடம் பேனை கேட்டார். கொடுத்தேன். சபையில் ஒருநாளும் பொய் சொல்லியிராத அந்த மனுசி, என் பொய்க்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.