ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னவர்

என் வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுறவர். ஓட்டினவர்னு சொல்லணும், இன்னும் வாய் வரல. கட்டடத்துக்கும் மேலே, ஒரே ஒரு ஆள் உட்கார்ற கூண்டுக்குள்ள காலையில ஏறினா சாயங்காலம்தான் இறங்குவார். நடுவுல ஒண்ணுக்கு வந்தா? இறங்கி ஏறுறதுக்குள்ள கீழே வேலையெல்லாம் நின்னுபோகும். அதனால கிரேன்காரங்க எல்லாருமே கூட ஒரு காலி பாட்டில் கொண்டு போவாங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல, தொழில் அப்படி.

போகப் போக இவருக்கு முக்கி முக்கி நின்னாலும் சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சு. ஒரு தரம் கம்பிக்கட்டு பாதியில தொங்குது, கீழேருந்து சூப்பர்வைசர், "என்னண்ணே, மேலே தூங்கிட்டீங்களா?"ன்னு வாக்கிடாக்கியில கத்துறார். மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டார்! கேட்டா, "வருஷக்கணக்கா அடக்கினா இப்படித்தான் ஆகும், எங்க ஆளுங்க எல்லாருக்கும் இருக்கு"ன்னு சமாதானம் வேற.

நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். டாக்டர் நல்ல பொறுமைசாலி. "புராஸ்டேட் வீங்கி வழியை அடைக்குது. மாத்திரை கொஞ்ச நாள் தாங்கும். ஆனா உங்களுக்கு மூத்திரப்பை முழுசா காலியாகல, ஆபரேஷன்தான் நல்லது. மூத்திர வழியாவே குழாய் விட்டு அடைக்கிற சதையைச் சுரண்டி எடுக்கலாம், லேசர்லயும் எடுக்கலாம். ரொம்பப் பெருசா இருந்தாத்தான் வயித்தைத் திறக்கணும், உங்களுக்கு அது தேவையில்ல"ன்னார்.

இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "வேற ஏதாவது பாதிக்குமா?"ன்னு கேட்டார்.

"விந்து வெளியே வராம மூத்திரப்பைக்குள்ள போயிடலாம். மத்தபடி தாம்பத்தியத்துக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது."

முதல் பாதிதான் இவர் காதுல ஏறிச்சு. மறுநாள் கூட வேலை பார்க்கிற ஒருத்தன், "கத்தி வச்சா ஆம்பளத்தனம் போச்சு மாப்ள"ன்னு ஓதிட்டான். அவன் என்ன ஆபரேஷன் பண்ணிக்கிட்டானா? இல்ல. பெரிய டாக்டர் மாதிரி பேச்சு மட்டும். அவ்வளவுதான், மாத்திரையே போதும்னு உட்கார்ந்துட்டார். அழுதேன், சண்டை போட்டேன், பொண்ணை விட்டுப் பேச வச்சேன். "இதெல்லாம் உனக்குப் புரியாது, சும்மா இரு"ன்னுட்டார். நாலு வருஷம் இப்படியே ஓடுச்சு.

போன மாசம் கூண்டுக்குள்ளயே சுத்தமா அடைச்சுக்கிச்சு. ரெண்டு பேர் மேலே ஏறிப் பிடிச்சு இறக்கினாங்க. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ப் பார்த்தா அடிவயிறு கல்லா இருந்துச்சு, வலியில என் கையை நசுக்கிட்டார். குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தாங்க, பிறகு லேசர்ல ஆபரேஷன் பண்ணினாங்க.

"வழி நல்லாத் திறந்திடுச்சு"ன்னார் டாக்டர். எனக்கு உயிர் வந்துச்சு. அடுத்த வார்த்தையில போச்சு. "ஆனா பை ரொம்ப நாள் விரிஞ்சு தளர்ந்துபோச்சு. தானா சுருங்கித் தள்ளல. தினமும் வேளாவேளைக்கு நீங்களே குழாய் விட்டுத்தான் எடுக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"ன்னார் இவர்.

"சில பேருக்குத் திரும்ப வரும். உங்களுக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அப்பவே பண்ணியிருந்தா?"ன்னு நான் கேட்டேன்.

"இந்த அளவுக்கு வந்திருக்காதும்மா."

கிரேன் வேலை அதோட முடிஞ்சுது. அவ்வளவு பெரிய பாரத்தைச் சொன்ன இடத்துல அலுங்காம வைக்கிற கை, இந்தச் சின்னக் குழாயைப் பிடிச்சா பாதியிலயே நின்னுடுது. அதனால நான்தான் போட்டு விடுறேன். நேத்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வந்தா, செவுத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டு, "உனக்காகத்தான் பயந்தேன்"ன்னார்.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "எனக்காகவா? 'ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போறேன், உன் தூக்கம் கெடுது'ன்னு ஹால்ல போய்ப் படுத்தீங்களே, இந்த நாலு வருஷத்துல ஒரு நாளாவது என் பக்கத்துல வந்து படுத்தீங்களா? யாருக்காகக் காப்பாத்துனீங்க அந்த ஆம்பளத்தனத்தை? எனக்கு என்ன வேணும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மெல்லத் திரும்பி மல்லாந்து படுத்தார். கண்ணு கலங்கியிருந்துச்சு. அதைத் துடைக்கக்கூட எனக்கு மனசு வரல.

"காலை அகட்டுங்க"ன்னேன்.