தண்ணீர் குடிக்காத கிரேன்காரர்

கட்டட வேலையில் உயரமான கிரேனை ஓட்டுகிறவர் அவர். சிறுநீர் கழிக்க ஒருமுறை இறங்கி ஏறினால் அரை மணி நேரம் போய்விடும் என்று, பதினோரு வருடமாகப் பகலில் தண்ணீரே குடிக்காமல் பழகிவிட்டார். நாக்கு வறண்டால் ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வார். போன வருடம் இடுப்பு வலியில் துடித்தபோதுதான், இரண்டு சிறுநீரகத்திலும் கல் இருப்பது தெரிந்தது.

"வீட்டுக்கு வந்ததும் குடம் குடமா குடிப்பீங்களே, அப்பவே ஏன்னு நான் கேட்டிருக்கணும்," என்று மனைவி அழுதாள்.

கற்களை எடுத்தபின், பெரிய பாட்டில் தண்ணீரோடு ஏறினார். நாளுக்கு மூன்று தடவை இறங்கினார்.

"வேலை நிக்குதேப்பா," என்று மேஸ்திரி முகம் சுளித்தார்.

"நிக்கட்டும்ணே. நான் படுத்துட்டா மொத்தமா நின்னுடும்."

மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் அடுத்த வாரத்திலிருந்து, இவர் இறங்கும் நேரம் பார்த்தே ஆட்களை டீ குடிக்க விட்டார்.