ஈரத்தரையில் ஒரு கப்பல்

பல வருஷங்களுக்கு முன், மேலமாசி வீதிச் செருப்புக்கடையில், அறுந்துபோன வாரை மாற்றக் காத்திருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். கொட்டாம்பட்டி விவசாயி, தலையில் துண்டு, வெடித்த வெறும் பாதங்கள்.

"கப்பலுக்கு ரப்பர் செருப்பு வேணும் பாய். வழுக்கக் கூடாது, வார் கடிக்கக் கூடாது" என்றார்.

கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஒவ்வொரு ஜோடியாக மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆடியபடி அந்த ஈரத்தில் நடந்தார். மதுரையின் மத்தியான வெயிலில் அவர் காலடியில் மட்டும் அலை புரண்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் லேசாகத் தலை சுற்றியது.

ஏழாவது ஜோடியில் கண்ணைத் திறந்தார். "இதுதான்."

"கப்பல் என்னைக்குண்ணே?" என்றேன்.

"நான் எங்க போறேன்? சம்சாரம்தான் பினாங்குக்குப் போறா, மக பிரசவத்துக்கு. கடைக்கு வரக் கூச்சப்படுறா. அவ காலும் என் காலும் ஒரே அளவுதான் தம்பி. நடுக்கடல்ல வழுக்கி விழுந்தா, தூக்கிவிட நான் இருக்க மாட்டேன்ல?"

செருப்பைத் துடைத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். ஈர வாசலில் வெறுங்கால் வழுக்கியது. தடுமாறியும் பொட்டலத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டார்.

அந்த அம்மாள் கப்பலில் ஒருதரம்கூட வழுக்கியிருக்க மாட்டார் என்றே இன்றும் நம்புகிறேன்.