கலியபெருமாள் முகர்ந்து பார்த்த கத்திகள்

1. எண்ணெய் வைத்த கத்தி

நெய்வேலி மைன்ஸில் பெல்ட் ஜாயின்ட் போடும் செக்‌ஷனில் நான் சேர்ந்த முதல் நாளே, மண் போகும் பெரிய கன்வேயரில் பெல்ட் கிழிந்து நின்றுவிட்டது. ஜீப்பில் ஒருவர் பின் ஒருவராக ஆபீசர்கள் வந்து, "எப்பப்பா முடியும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் முட்டி போட்டு ரப்பரை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

பெல்ட் என்பது ரப்பரும் துணியும் அடுக்கடுக்காக ஒட்டியது. கிழிந்த இரண்டு முனைகளையும் படிக்கட்டு மாதிரி உரித்து, சொல்யூஷன் என்கிற பசையைத் தடவி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து, பிரஸ்ஸில் சூடேற்றி அழுத்துவோம். உரிக்கும்போது மேல் அடுக்கு மட்டும்தான் வெட்டுப்பட வேண்டும். அடியில் இருக்கும் அடுக்கில் ஒரு கோடு விழுந்தால் போதும், பிறகு அங்கேதான் கிழியும். ஆகவே எங்கள் பிழைப்பு முழுக்கக் கத்தியில் இருந்தது. ஸ்டோரில் கொடுக்கும் கத்தியை யாரும் மதிப்பதில்லை. ஆளுக்கொரு சொந்தக் கத்தி வைத்திருந்தார்கள்.

என்னிடமும் ஒன்று இருந்தது. ஐ.டி.ஐ. படித்தபோது, இரும்பு அறுக்கும் பவர் ஹேக்ஸாவின் உடைந்த பிளேடைத் தேய்த்து நானே செய்தது. துரு பிடிக்கக் கூடாதென்று தேங்காய் எண்ணெய் பூசி, வேட்டித் துணியில் சுற்றி, திருவதிகையிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். பெருமையாகப் பிரித்தேன்.

பக்கத்தில் முட்டி போட்டிருந்தவர் கலியபெருமாள். என் வயதுதான், சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள், எனக்குக் கொஞ்சம் முன்னால் சேர்ந்தவர். குனிந்து என் கத்தியை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாய்யா இது? கத்திக்கு எண்ண வச்சி சீவிக்கினு வந்துருக்க."

"துரு புடிக்கும்ல?"

"எண்ண பட்ட எடத்துல சொல்யூஷன் புடிக்குமா? நாளைக்கே ஜாயின்ட் வாயத் தொறந்துக்கும். அப்புறம் ஜீப்புல வர்றவங்களுக்கு நீதான் பதில் சொல்லிக்கினு நிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. அவர் தன் கத்தியைத் துடைத்தார். எனக்குத் தருவார் என்று கையை நீட்டினேன். அவரோ பெல்ட் மேல் வைத்தார்.

"கீழ இருந்து எடுத்துக்க. கையில குடுத்தா சண்ட வரும்."

எங்கள் கேங்கில் கேரளத்துக்காரரும் இருந்தார், ஆந்திராக்காரரும் இருந்தார். எல்லோருக்கும் இது சட்டம். கத்தியை யாரும் யார் கையிலும் கொடுக்க மாட்டார்கள். நான் குனிந்து எடுத்தேன். தண்ணீரில் நனைத்து ரப்பரில் வைத்தேன். அலகு தானாகவே போனது. நான் அழுத்தவே இல்லை. அந்த நிமிடம் பிடித்தது எனக்குக் கத்திப் பைத்தியம்.

2. முதல் கத்தி, கடைசிக் கத்தி

பெர்மனென்ட் ஆனேன், குவார்ட்டர்ஸ் வந்தது, கல்யாணம் ஆனது. இவை எல்லாவற்றோடும் கத்திகளும் சேர்ந்துகொண்டே வந்தன. பழைய அரத்தில் செய்தவை, லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்தவை, பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழக்காரரிடம் கெஞ்சி வாங்கியது. "சமையலறையில நான் நிக்க எடமிருக்கா பாருங்க" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். நியாயமான கேள்விதான்.

ரிட்டயர் ஆனபின் பழைய பெல்ட் செக்‌ஷன் ஆட்கள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் கூடுவோம். வருகிறவர் தன் முதல் கத்தியையும் கடைசியாக வந்த கத்தியையும் மேசையில் வைக்க வேண்டும். ஒருவருக்கு மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சமையல் கத்தி, இன்னொருவருக்கு ஆன்லைனில் வாங்கிய மடக்குக் கத்தி. செய்தித்தாளைக் கிழித்துப் பார்ப்போம், கை முடியைச் சிரைத்துப் பார்ப்போம். பேரன் பேத்தி எடுத்தவர்கள் செய்கிற காரியமா என்றால் இல்லைதான்.

கலியபெருமாள் மட்டும் எப்போதும் ஒரே ஒரு கத்தியை வைப்பார். அன்று எனக்குப் பெல்ட் மேல் வைத்துக் கொடுத்த அதே கத்தி. தீட்டித் தீட்டி அலகு சுண்டுவிரல் அகலத்துக்கு வந்திருந்தது. பிடியில் பெல்ட் ரப்பர் சுற்றியிருந்தார். அவர் விரல்கள் அதில் பள்ளமாகப் பதிந்திருந்தன.

"கடைசிக் கத்தி எங்கய்யா?" என்று கேட்போம்.

"மொதலும் இதான், கடசியும் இதான். உங்கள மாதிரி ஊரெல்லாம் மேஞ்சிக்கினு இருக்க எனக்குத் தெரியாது" என்பார். பிறகு எங்கள் கத்திகளை வரிசையாக எடுத்து முகர்ந்து பார்ப்பார். என்னுடையதில் எப்போதும் எண்ணெய் இருக்கும். எப்போதும் திட்டு விழும்.

3. மேசை மேல் வைத்தது

சென்ற வருடம் அவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பிவிட்டது, நடையும் ஓரளவு வந்துவிட்டது, கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் அவர் மனைவி செந்தாமரை போன் செய்தார்.

"அண்ணே, அந்தக் கத்திய வந்து எடுத்துக்கினு போயிடுங்க. நான் எது அரிஞ்சி குடுத்தாலும் தொட மாட்டேங்கறாரு. 'நான் என்னா பச்சக் கொழந்தையா'ன்னு தட்டத் தள்ளிடறாரு. ஆளு பாதியா போயிட்டாருங்க. கத்தி கண்ணுல படாம இருந்தாவது தின்னுவாரான்னு பாக்குறன்."

போய் எடுத்துவந்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கத்தி போனதும் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கத்திகளைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். இத்தனை கத்தியில் ஒன்றுகூட ஒற்றைக் கைக்கு ஆகாது. ஒரு கை பிடிக்க, மறு கை வெட்ட என்றுதான் எல்லாம் செய்யப்பட்டிருந்தன.

செருப்புத் தைப்பவர்கள் தோல் வெட்டும் பிறை வடிவக் கத்தி நினைவுக்கு வந்தது. மேலிருந்து அழுத்தி ஆட்டினால் போதும், இன்னொரு கை வேண்டாம். மரம் அறுக்கும் பழைய வாளின் தகட்டில் அப்படி ஒன்று வெட்டினேன். முதலில் செய்தது கனம், இரண்டாவது வழுக்கியது. மூன்றாவதுக்கு, அவர் கத்திப் பிடியில் இருந்த ரப்பரை மெதுவாகப் பிரித்து, புதுப் பிடியில் ஒட்டினேன்.

முடித்த அன்றே மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். தட்டு நகராமலிருக்க அடியில் ஒரு பெல்ட் துண்டைப் போட்டு, அவருக்குப் பிடித்த கொய்யாப்பழம் ஒன்றை வைத்தேன். பக்கத்தில் கத்தியை வைத்தேன். கையில் கொடுக்கவில்லை. இரக்கப்பட்டுச் செய்ததாக நினைத்துத் தட்டைத் தள்ளிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

"என்னாது?"

"என் கடைசிக் கத்தி. எப்படி இருக்குன்னு சொல்லு."

இடது கையால் எடுத்தார். விரல்கள் ரப்பரில் இருந்த பள்ளத்தைத் தேடின. வலது கைக்குப் பதிந்த பள்ளம், இடது கைக்குச் சேரவில்லை. என்ன நினைத்தாரோ, மூக்கருகே கொண்டுபோனார்.

"எண்ண."

துருவுக்குப் பயந்து வழக்கம்போலப் பூசியிருந்தேன்.

"எத்தினி வருசமா சொல்லிக்கினு இருக்கறன், உனக்கு இன்னும் புத்தி வர்ல. இதால அரிஞ்சா கொய்யா திங்கறதா, தலைக்குத் தேச்சிக்கறதா?"

செந்தாமரை வாசற்படியில் வந்து நின்றார். கழுவிக் கொடுக்கக் கையை நீட்டினார்.

"வுடு. நானே கழுவறன்."

குழாயடியில் வெகுநேரம் கழுவினார். வந்து உட்கார்ந்து, பழத்தின் மேல் வைத்து அழுத்தினார். கோணலாக இரண்டாயிற்று. பெரிய பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, சின்னதைக் கடித்தார். கத்தியை எடுத்துவைக்கலாம் என்று நான் கையை நீட்டினேன்.

"அது என்னுது" என்றார்.

இப்போது புதுக் கத்தி வாங்கப்போகிறவர்கள் என்னிடம் எந்த ஸ்டீல் நல்லது, எந்தக் கல்லில் தீட்டலாம் என்று கேட்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், யார் கை, அந்தக் கைக்கு என்ன முடியும் என்று கேட்டுக்கொள்கிறேன். இது எனக்குச் சர்வீஸில் இருந்தபோது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கலியபெருமாள் மறுபடி வருகிறார். நான் திருப்பிக் கொடுத்த பழையதும் இந்தப் புதியதுமாக இரண்டு கத்தி வைக்கிறார். என்னுடையதை முதலில் முகர்ந்து பார்க்கிறார். நானும் எண்ணெய் பூசித்தான் வைக்கிறேன்.