தையல் நூலில் கட்டிய பிளக்

மாத்தளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாள் பயணம். இருந்தும் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னல் கம்பியில் எப்போதும் ஏழெட்டுத் தூண்டில் கட்டுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் தங்கூசி என்கிற நைலான் நூலில் கட்டிய ஒன்றிரண்டு முட்கள், அடியில் பாரத்துக்கு ஒரு பழைய ஸ்பார்க் பிளக். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஒரு நாள் எங்கள் மகளைப் பார்த்துப் போக வந்த ஓர் அம்மாள், "இது என்னங்க, திருஷ்டிக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, பாரை மீன் பிடிக்க. மக கட்டினது," என்றேன்.

அவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் "மக கட்டினது" என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது என்று மகள் பிறகு கேலி செய்தாள்.

இந்தக் கடல் பைத்தியம் என் கணவர் கொண்டுவந்தது. கல்யாணமான புதிதில் அவர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தார். வெள்ளைக்காரர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது, ஓர் அதிகாரி தன் நீளமான தூண்டில் கம்பையும் ரீலையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவர் ஊர் திரும்பி, மிளகும் கொக்கோவும் வாங்கும் ஸ்டோர் ஒன்றில் சேர்ந்தார். கம்பும் கூடவே வந்தது. ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாக் கணக்கில் வாரம் ஒன்றாக வரும் போயா நாளையும் அதற்கு முந்தின அரை நாளையும் விடுமுறையாக்கியிருந்த காலம் அது. இரண்டு மாதத்துக்கு ஒரு போயாவாவது நாங்கள் திருகோணமலைக்குப் போவோம். பக்கத்தில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் அண்ணரை நாங்கள் நானா என்போம்; அவருடைய பழைய வேனில், விடியுமுன் புறப்பட்டு, நாவுல, தம்புள்ள, ஹபரண என்று போனால் ஒன்பது மணிக்குள் கடற்கரை.

நாற்பது தாண்டியதும் என் கணவருக்கு முள்ளின் துளை கண்ணுக்குத் தெரியாமல் போனது. அப்படித்தான் கட்டும் வேலை மகளிடம் வந்தது. அவருக்குத் தெரிந்தது இரண்டே முடிச்சு. மற்றதையெல்லாம் அவள் கடற்கரைப் பாறைகளிலிருந்து எடுத்துக்கொண்டாள். பாறை இடுக்குகளில் மீனவர்கள் விட்டுப்போன அறுந்த தூண்டில்கள் சிக்கிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, என் ஊசியால் ஒவ்வொரு சுற்றாக அவிழ்ப்பாள். எப்படி அவிழ்கிறது என்று தெரிந்தால் எப்படிக் கட்டியது என்று தெரிந்துவிடுமாம். நான் பாடசாலையில் தையல் டீச்சர். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவிழ்த்துப் படிக்கிற பிள்ளையை வேறெங்கும் பார்க்கவில்லை.

முடிச்சை இறுக்குமுன் அவள் தங்கூசியை வாயில் வைத்து நனைப்பாள். எனக்கு உடம்பு கூசும்.

"மீன் வாடை, புள்ள! வாயில வைக்காத."

"நனைக்காம இழுத்தா சூட்டுல கருகிப் பலம் போயிடும்மா. நீங்க ஊசி கோர்க்க நாக்குல நூலைத் தொடுறதில்லையா?"

அன்றிரவு நூலை நாக்கில் தொடாமல் ஊசி கோர்க்கப் பார்த்தேன். மூன்று தடவை தவறியது.

எந்த இடத்துக்கு எந்தக் கட்டு என்பதில் அவள் வெகு கண்டிப்பு. மணல் தரையில் கிழங்கன் மீனுக்கு, பிளக்குக்கு மேலே குட்டையான கிளைகளில் இரண்டு சின்ன முட்கள், அவற்றில் இறால் துண்டு. பாரைக்கு ஒரே பெரிய முள், இரு கையும் விரித்த ஒரு பாக நீளத் தங்கூசி, அதில் பாதிச் சாளை மீன். வீசும் வேகத்தில் சாளை பிய்ந்து பறந்துவிடாமல் என் தையல் நூலால் முள்ளோடு சுற்றிக் கட்டுவாள். கரையில் இறங்கியதும் உடனே வீச விடமாட்டாள். கால் மணி நேரம் அலையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அலை மடியும் இடத்துக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் கறுத்து ஓடும் பள்ளம் எங்கே என்று பார்த்து, "இங்க ரெட்டை முள்ளு, அங்க ஒத்தை," என்று கை காட்டுவாள். அவர் வீசுவார். பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருக்கும்.

பிளக் தருகிறவர் கராஜ் நானாதான். ஈயம் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் அவர் கராஜில் கழித்துப் போட்ட பிளக்குகளை அவள் அள்ளிக்கொண்டு வருவாள். "டீச்சர், ஒங்கட மகள் இன்னும் ரெண்டு தரம் வந்தா ஓடுற வேன்ல உள்ள பிளக்கும் மிஞ்சாது," என்பார்.

நான் சொல்ல வந்தது ஒரு புரட்டாசிப் போயாவைப் பற்றி. அவள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். முந்தின நாள் அரை நாள் பாடசாலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவள் நூல்நிலையத்துக்குப் போயிருந்தாள். மறுநாளுக்கான எட்டுக் கட்டுகளும் ஜன்னலில் தொங்கின. எனக்கு எதையும் தொட்டுப் பார்க்கிற பழக்கம். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஐந்தில் பிளக் தங்கூசியில் உறுதியாகக் கட்டியிருந்தது. மூன்றில் மட்டும் பிளக்கை வெறும் நாற்பதாம் நம்பர் வெள்ளைத் தையல் நூலில், ஒற்றை இழையாகக் கட்டியிருந்தாள்.

பரீட்சைக் கவலையில் பிள்ளைக்குக் கவனம் சிதறிவிட்டது என்று நினைத்தேன். இல்லாவிட்டால் தங்கூசி தீர்ந்து, கையில் கிடைத்ததைக் கட்டியிருப்பாள். இரும்பும் பீங்கானுமான அந்தக் கனத்தைக் கம்பை வளைத்து வீசும்போது நூல் அறுந்தால்? கரையில் நிற்கிற யாருடைய தலையிலாவது விழுந்தால்? அவளுடைய தகப்பன் முகத்திலேயே பட்டால்? எனக்கு இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றாக ஓடும். "பொத்தான் கழன்றால் தைத்தவளைத்தான் சொல்வார்கள்," என்று வகுப்பில் தினமும் சொல்கிறவள் நான். மேசையில் தங்கூசிச் சுருள் இருந்தது. மூன்று வெள்ளை நூலையும் வெட்டிப் போட்டுவிட்டு, தங்கூசியை இரட்டையாக எடுத்து, கோட்டுப் பொத்தானுக்குப் போடும் முடிச்சைப் போட்டு, அடி சுற்றி இறுக்கினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல வேலை செய்த திருப்தியோடு சோற்றை வடிக்கப் போனேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மணல் பக்கம் நன்றாகவே போனது. ரெட்டை முள்ளில் கிழங்கன் வந்துகொண்டே இருந்தது. பத்தரை மணி போல அவள் விரிகுடாவின் கோடியில் இருந்த பாறைகளைக் காட்டி, "இனி அங்க பாரை வரும்ப்பா," என்றாள். என் மூன்று கட்டுகளில் ஒன்றை எடுத்து மாட்டினாள். சாளையைச் சுற்றிக் கட்டுவதிலேயே கண்ணாக இருந்ததால் அடியைப் பார்க்கவில்லை. அவர் வீசினார். கிட்டத்தான், மெதுவாகத்தான் வீசினார். பாறைப் பக்கம் தூர வீசத் தேவையில்லை என்பதும், நான் பயந்தது போல நூல் நடுவானில் அறுந்து பறக்காது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிளக் பாறை இடுக்கில் சிக்கியது. அது வழக்கந்தான். சிக்கினால் கம்பை மணலில் குத்திவிட்டு, தங்கூசியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. தையல் நூல் அறுந்து பிளக் மட்டும் கடலுக்குப் போகும். முள்ளும் இரையும் திரும்பி வரும். அதற்காகத்தான் அந்த ஒற்றை இழை. பாறைக்கான கட்டு அது.

அவர் இழுத்தார். அறுபடவில்லை. இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, கோணத்தை மாற்றிப் பார்க்கத் தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு. அப்போது ஓர் அலை பாறையைத் தாண்டி வந்து அவர் காலை வாரியது. அலை அவரைக் கரைக்குத் தள்ளியது. கையில் சுற்றியிருந்த தங்கூசி பாறையிலிருந்து விடவில்லை. கட்டிப்போட்ட மாடு போல அவர் ஒரே இடத்தில் புரண்டார். தலை வெளியே வந்தது, மறைந்தது, வந்தது. நானா கயிறு எடுக்க வேனுக்கு ஓடினார். நான் நின்ற இடத்தில் நின்று என்னவோ கத்தினேன்.

அவள் இரை வெட்டும் கத்தியோடு தண்ணீருக்குள் போனாள். நான் போயிருந்தால் அவர் தோளைப் பிடித்து இழுத்திருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டியிருப்போம். அவள் அவரைத் தொடவே இல்லை. அவர் கைக்கு முன்னால் விறைத்து நின்ற தங்கூசியைப் பிடித்து, ஒரே வெட்டு. அடுத்த அலை இரண்டு பேரையும் மணலில் கொண்டுவந்து போட்டது. அவள் முதலில் எழுந்து, கத்தியைத் தூர வீசிவிட்டு, அவரைக் குப்புறப் புரட்டினாள்.

அவருடைய வலது உள்ளங்கையில் தங்கூசி எலும்பு தெரிய இறங்கியிருந்தது. திருகோணமலை ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். தையல் ஊசியை ஆயிரம் தடவை பிடித்த நான் அதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது வேனில் அவர் கேட்டார். "நூல் ஏன் அறுபடல?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் சொன்னாள். "பிசகிட்டேன்ப்பா. பாறைக் கட்டுலயும் தங்கூசி போட்டுட்டேன் போல."

"உன் கட்டை நம்பித்தானே நான் கையில சுத்தினேன்?"

"ம்."

"இனி நீ கட்ட வேணாம். போதும்."

"விடுங்க தம்பி," என்றார் நானா. "பரீட்சை எழுதின மண்டை. ஒரு மாசத்துக்கு வேலை செய்யாது."

நான் பேசவில்லை. ஹபரணக் காடு முழுவதும் பேசவில்லை. அவர் கை வலியில் இருக்கிறார், வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் பிள்ளை உயிரைப் பணயம் வைத்துத் தகப்பனை மீட்டாள். அவளிடமிருந்து அவள் வேலை பறிபோனது. பறித்தது நான். முன் ஆசனத்தில் அவளுடைய ஈரத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

தம்புள்ளயில் தேத்தண்ணீருக்கு நிறுத்தினோம். கோப்பை வந்ததும் சொன்னேன்.

"என்னங்க. அந்த மூணையும் மாத்திக் கட்டினது நான்."

அவர் இடது கையால் கோப்பையை வைத்தார். "எப்ப?"

"நேத்துப் பகல். இவ வீட்டுல இல்ல. நூல் மெல்லிசா இருந்திச்சு. பிளக் அறுந்து யார் மேலயாவது விழுந்திடும்னு..."

"யா அல்லாஹ்," என்றார் நானா. "டீச்சரா!"

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில நிக்கிறப்ப மத்த ரெண்டு கட்டையும் எடுத்துப் பார்த்தேன்ப்பா. பொத்தான் முடிச்சு. நம்ம வீட்டுல வேற யாரு அப்படிப் போடுறது?"

"அப்ப ஏன் நீன்னு சொன்ன?"

அவள் பணிஸ் ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணீரில் நனைத்தாள். "உங்க கையில ரத்தம் இன்னும் நிக்கல. அந்த நேரத்துல ரெண்டு பேரையும் சண்டைக்கு விடவா? எப்படியும் அம்மா சொல்லுவாங்கதானே."

"சொல்லாட்டி?" என்று நானா கேட்டார்.

"சொல்லுவாங்க மாமா."

அந்தப் பிள்ளைக்கு நான் எத்தனையோ சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன், எத்தனையோ புத்திமதி சொல்லியிருக்கிறேன். அதில் எதற்கு இந்த நம்பிக்கை வந்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் கணவர் கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "முடிச்சு நல்ல முடிச்சுதான். கடலாலயே அவுக்க முடியல," என்றார். நானா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மேசையெல்லாம் சிந்தியது. நானும் சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அவள் என் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"போதும்" என்று சொன்னதை அவர் வேனில் ஏறுமுன்பே திரும்ப வாங்கிக்கொண்டார். "நீயே கட்டு. ஆனா வீசுறதுக்கு முன்னாடி அடியையும் பாரு," என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அவளிடம் கேட்டேன், எல்லாவற்றையும் உறுதியாகக் கட்டினால் என்ன குறை என்று. "சிக்கினா ஏதோ ஒண்ணு அறுந்தே ஆகணும்மா. எதுன்னு நாமதான் முன்கூட்டியே சொல்லி வைக்கணும்," என்றாள். பதினெட்டு வயது.

அவர் கையில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காமல் போயின. கம்பைப் பிடித்து வீச முடியவில்லை. அதனால் இப்போது கட்டுவதும் அவள், வீசுவதும் அவள். முதல் தடவை அவள் வீசப் போனபோது நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை போனேன். கரையில் நின்ற மீனவர்கள் சிலர் ஒரு பெண் பிள்ளை கம்பை வளைக்கிறதைப் பார்க்கக் கிட்டே வந்தார்கள். ஒரு வயசாளி அவள் கட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யார் கட்டினது?" என்று கேட்டார். இந்தத் தடவை என் குரலை நான் அடக்கப் பார்க்கவே இல்லை.

அவள் வீசும்போது எல்லாரும் கம்பின் நுனியைப் பார்ப்பார்கள். நான் அவள் கால்களைப் பார்ப்பேன், தண்ணீர் முழங்காலைத் தாண்டுகிறதா என்று.