கிளீன் ரூமுக்கு வைத்த பொட்டு

செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கைப்பிடியில் சிவப்புக் கறை. ரத்தம் என்று எல்லோரும் பதறினார்கள். எனக்கு மட்டும் தெரியும், அது முந்தின நாள் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் நான் வாங்கிய குங்குமம்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகச் சிரியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு எதிராகத் தடுப்பூசி தயாரிப்பது எங்கள் வேலை. இது நோய் வந்தவர்களுக்கான ஊசி, இன்னும் சோதனையில் இருப்பது. நோயாளியின் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்து, கட்டியின் அடையாளத்தை அவற்றுக்குக் காட்டி, திரும்ப உடம்புக்குள் அனுப்புவோம். அவை போய் மற்ற எதிர்ப்புச் செல்களைக் கிளப்பிவிட வேண்டும். அன்று இன்குபேட்டரில் இருந்த ஒரே செல் பை, புக்கிட் பாத்தோக்கில் வசிக்கும் நோயாளி சரோஜா அக்காவுடையது. அவருக்குப் புற்று இரண்டாம் முறை வந்திருந்தது. அந்தப் பையைக் கொட்டினால், மறுபடி ரத்தம் எடுக்க அவர் உடம்பு தாங்காது.

அன்று ஆயுத பூஜை. முன்பு வேலை பார்த்த தஞ்சாவூர் லேபில் ஃப்ரிட்ஜுக்குக்கூடப் பொட்டு வைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கிருமி புகாத கிளீன் ரூமுக்குள் கூடாது என்று தெரியும். அதனால் வெளியே, சாமான் அனுப்பும் பாஸ் பாக்ஸ் கதவில் கடுகளவு வைத்தேன். கதவைத் திறந்தவர் கையிலிருந்து சாமான் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து உள்ளே நின்றவர் கையுறைக்கு, அங்கிருந்து கைப்பிடிக்கு. குங்குமம் எம்ஆர்டி ரயில் மாறி மாறிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மேடம், அது ரத்தமில்ல. நான் வச்ச குங்குமம்."

எங்கள் தலைவர் டாக்டர் வசந்தா கண்ணாடியைக் கழற்றினார். "கௌரி, இது என்ன லாரி ஷெட்டா லா?"

"பை மூடித்தான் இருக்கு மேடம். உள்ள போயிருக்காது."

"நீ சொன்னா போதுமா? டெஸ்ட் சொல்லணும். ரிப்போர்ட் எழுது, ஒண்ணையும் மறைக்காத."

'காரணம்' என்ற கட்டத்தில் என் பக்தியை எழுதினேன். டெஸ்ட் முடிவுக்காக நாள்களை எண்ணினேன். கிருமி எதுவும் இல்லை என்று வந்ததும் நான் காரிடாரிலேயே ஆடினேன். "இது லேப்!" என்று அதட்டிய டாக்டர், தானும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

நடந்ததை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். சரோஜா அக்கா கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப என் செல்லுக்கு பூஜை போட்டுத்தான் அனுப்புறீங்க. சரி லா, குத்துங்க."

மறு வருடம் அதே ஆயுத பூஜையன்று ஸ்கேன் முடிவு கேட்க வந்தார். கட்டி சுருங்கியிருந்தது. ஒருவரை வைத்து ஊசியை மெச்ச முடியாது. ஆனால் அவர் நடந்து வந்தார், எனக்கு அது போதும்.

"இந்த வருஷம் பொட்டு எங்க வச்ச?"

"எங்கயும் இல்லக்கா. கதவுலகூட கூடாதுன்னு ரூல்ஸ். நான்தான் எழுதினேன்."

கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து நீட்டி, நெற்றியைக் காட்டினார்.

"இங்க வை. இதுக்கு ரூல்ஸ் இல்ல லா."

அன்று கற்றேன், பொட்டு எந்த இடத்துக்கு உரியது என்று. அது கோணலாக விழுந்தது. துடைக்காமலே வீட்டுக்குப் போனார்.